அறுந்த கயிறும் அறுத்த கயிறும்

பாம்பன் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பேருக்குத்தான் ஜெராக்ஸ், பாதி நாள் மனு அடித்துக் கொடுப்பதே வேலை. படகுப் பதிவு, மானிய டீசல், மீன்பிடித் தடைக்கால நிவாரணம், வங்கிக்குக் கடிதம், சில நேரம் யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஒரு விண்ணப்பம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதே கடையில் பாயை விரித்து எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினாறு வருஷமாக இந்த இரண்டு வேலையிலும் திரும்பத் திரும்ப நான் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இங்கிலீஷ் சொற்களில் இந்த வாக்கியத்துக்கு எது?

பரீட்சையில் இது ஒரு மார்க். எங்கள் கடற்கரையில் இது அதைவிடப் பெரிய விஷயம். நான் தப்பாகப் போட்ட ஒரு சொல்லால் ஒரு மனுஷன் நாலு மாசம் அலைந்தார், அதிலிருந்துதான் நான் இதைப் படிக்கவே ஆரம்பித்தேன்.

கடை போட்ட இரண்டாவது வருஷம், கார்த்திகை கடைசி. வாடைக்காற்று மூன்று நாளாக நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மாமா முறை ஆகும் ஒரு பெரியவர் நனைந்துபோய் வந்து நின்றார். “தாயி, நங்கூரக் கயிறு அறுந்து வத்தை போயிருச்சு. நிவாரணத்துக்கு ஒரு மனு எழுதித் தா.” நான் மடமடவென்று அடித்தேன். கயிறு ‘வாஸ் கட்’, படகு ‘வாஸ் லாஸ்ட்’. அந்த நேரத்தில் எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நாம்தான் நாள் முழுக்கச் சொல்கிறோமே, கரண்ட் கட் ஆயிருச்சு, லைன் கட் ஆயிருச்சு, கயிறு கட் ஆயிருச்சு என்று. ‘ஆயிருச்சு’ என்று ஒட்டிவிட்டால் எந்த இங்கிலீஷ் சொல்லும் தானாக நடந்ததாக ஆகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன்.

அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்தவர் கேட்ட முதல் கேள்வி, “யார் அறுத்தது?” யாரோ அறுத்திருந்தால் அது இயற்கைச் சேதம் இல்லை, போலீஸ் புகார் எங்கே, எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே என்று கேட்டார்கள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “பாருல உரசி அறுந்துச்சு ஐயா” என்று தமிழில் சொல்லியிருக்கிறார், பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. தாளில் வேறு மாதிரி இருக்கிறதே என்றிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் போய்க் கேட்டால், யாரும் அறுக்காத கயிற்றுக்கு எப்படிப் புகார் எடுப்பது என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இப்படியே தை போய் மாசியும் வந்துவிட்டது. படகு இல்லாததால் அந்தக் காலம் முழுக்க அவர் இன்னொருத்தர் வல்லத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் பிளாஸ்டிக் பையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நங்கூரத்தோடு மிஞ்சிக் கிடந்த கயிற்றின் முனை. மேஜை மேல் வைத்து, “இதப் பாரு தாயி” என்றார். பச்சை நைலான் கயிறு, மூன்று புரி. கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை வெளுத்து, மேலே பஞ்சு மாதிரி பூத்திருந்தது. ஒரு புரி கொஞ்சம் முன்னாலேயே விட்டுப்போயிருக்கிறது, இரண்டாவது அதற்கு நாலு விரல் தள்ளி, மூன்றாவது நூலாகப் பிரிந்து இழுபட்டு. பிறகு பையிலிருந்து அவர் கத்தியை எடுத்து அதே கயிற்றின் மறுமுனையில் ஒரு துண்டு அறுத்தார். மூன்று புரியும் ஒரே மட்டத்தில், காசு வைத்த மாதிரி தட்டையாக நின்றது. இரண்டு முனையையும் சேர்த்து வைத்து, “அறுந்தது இது, அறுத்தது இது. ஓன் இங்கிலீசுல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானா?” என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ‘கட்’ என்றால் கூர்மையான எதுவோ வேண்டும், அதைப் பிடித்த கையும் பெரும்பாலும் வேண்டும். ‘ஸ்னாப்’ என்றால் இழுப்புத் தாங்காமல் பட்டென்று போவது. ‘ஃப்ரே’ என்றால் புரி பிரிந்து நூல் நூலாக வருவது. ‘சேஃப்’ என்று உரசித் தேய்வதற்கு ஒரு சொல். இது பத்திரமாக இருப்பதைச் சொல்லும் ‘சேஃப்’ அல்ல, எழுத்தும் வேறு, ஒலியும் கொஞ்சம் வேறு. கப்பல்காரர்கள் கயிறு போனதைச் சொல்ல ‘பார்ட்டட்’ என்பார்கள், பிரிந்தது என்ற அதே சொல். மாமாவின் கயிறு பாரில் உரசித் தேய்ந்து, கடைசியில் இழுப்புத் தாங்காமல் போனது. ‘சேஃப்டு’, அப்புறம் ‘பார்ட்டட்’. படகு ‘டிரிஃப்டட்’. அப்படி எழுதிக் கொடுத்தேன், கயிற்று முனையைப் போட்டோ எடுத்து இணைத்தேன். பணம் அடுத்த வருஷம் வந்தது, அதுவும் கேட்டதில் பாதி. நான் முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் அந்த வாடைக்காலம் அவருக்கு வேறு மாதிரி போயிருக்கும் என்பது இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

அகராதி இங்கே கைகொடுக்காது. சின்ன அகராதியில் ‘கட்’டுக்கும் அறு, வெட்டு, ‘ஸ்னாப்’புக்கும் அறு, முறி என்றுதான் இருக்கும். தமிழ் அர்த்தம் ஒன்று, அதனால் சொல்லும் ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நம் தமிழில் அந்த வித்தியாசம் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அறுந்தது, அறுத்தார். கிழிந்தது, கிழித்தார். கவிழ்ந்தது, கவிழ்த்தார். வினையின் வாலிலேயே கை தெரிந்துவிடும், தன்வினை பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியதும் இதுதான். இங்கிலீஷில் படகு தானாகக் கவிழ்ந்தாலும் ‘கேப்சைஸ்’, யாராவது கவிழ்த்தாலும் ‘கேப்சைஸ்’. மூழ்கினாலும் ‘சேங்க்’, மூழ்கடித்தாலும் ‘சேங்க்’. வாலில் காட்ட முடியாததை அவர்கள் பல இடங்களில் வேறு சொல்லாக எடுத்துக் காட்டுகிறார்கள். அதனால் இரண்டு சொல் ஒரே மாதிரி தெரிந்தால் நான் முதலில் கேட்பது, இதில் யாருடைய கை இருக்கிறது? தெரிந்தே செய்த கையா, தெரியாமலா, கையே இல்லையா? பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும்.

பிள்ளைகளிடம் இதை வேறு வழியில் ஆரம்பிப்பேன். பலகையில் ‘வாஷ்’ என்று எழுதிவிட்டு, வீட்டில் அம்மா பேசுகிற மாதிரி தமிழில் சொல்லுங்கள் என்பேன். காலைக் கழுவு, துணியைத் துவை, பாத்திரத்தை விளக்கு, மீனை அலசு என்று கூட்டமாகக் கத்துவார்கள். சரி, துணியை விளக்கலாமா என்றால் சிரிப்பு. பாத்திரத்தைத் துவைக்கலாமா? இன்னும் சிரிப்பு. ‘அலசு’ என்றால் என்ன என்று விளக்கச் சொன்னால் மட்டும் ஒருத்தருக்கும் வராது. போன மாசம் ஒரு சின்னப் பெண் எழுந்து, “கழுவிட்டுக் கடைசியா நல்ல தண்ணியில ஆட்டி எடுக்கிறது அக்கா” என்று கையைத் தண்ணீரில் ஆட்டுகிற மாதிரி காட்டினாள். அதுதான் ‘ரின்ஸ்’. அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. பாத்திரம் விளக்குவதில் தேய்ப்பு இருக்கிறது, அது ‘ஸ்க்ரப்’. ஒரு சொல்லை அதன் அர்த்தத்தோடு மட்டும் வைத்துப் படிக்கக் கூடாது, அது எந்தப் பொருளோடு புழங்குகிறது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும், நம் வீட்டுத் தமிழை நாம் அப்படித்தான் கற்றோம். இதை அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புரியவைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே உண்டு.

வானிலைச் சேதிக்கு வருகிறேன், எங்களுக்கு அதுதான் உயிர்.

புரட்டாசி தாண்டினால் தினமும் காலையில் வானிலை மையத்தின் இங்கிலீஷ் அறிக்கையும் தமிழ் அறிக்கையும் போனில் வந்துவிடும், நாலைந்து பேர் கடைக்கு வந்து படித்துச் சொல்லச் சொல்வார்கள். தமிழில் ‘சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என்று இருக்கும். சூறாவளி என்று பார்த்ததும் வெளியூரில் படிக்கிற பிள்ளைகள் புயல் என்று பயந்து வீட்டுக்குப் போன் போடுகிறார்கள், பாடப்புத்தகத்தில் ‘சைக்ளோன்’ என்பதற்கும் அதே சூறாவளிதானே. இங்கிலீஷில் அந்த இடத்தில் இருப்பது ‘ஸ்குவாலி’. ‘ஸ்குவால்’ என்பது திடீரென்று எழும்பி ஒரு நிமிஷமாவது நின்று அடிக்கிற காற்று. ‘கஸ்ட்’ என்பது சில விநாடி வந்து குத்திவிட்டுப் போவது, அதைத்தான் தமிழ் அறிக்கையில் ‘இடையிடையே’ என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். வத்தையில் நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். கஸ்ட் என்றால் காலை ஊன்றிக்கொள்ளலாம். ஸ்குவால் என்றால் பாயை இறக்க வேண்டும். புயல் என்ற பேர் வர, நிலையாக வீசும் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட வேண்டும். 31 முதல் 49 வரை ‘டிப்ரெஷன்’, 50 முதல் 61 வரை ‘டீப் டிப்ரெஷன்’. தமிழில் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று இதற்குச் சரியாகப் பேர் வைத்திருக்கிறார்கள். பகுதிக்கும் மண்டலத்துக்கும் வித்தியாசம் பார்க்காமல் செய்தி வாசிக்கிறவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

தமிழில் தொலைந்துபோவது வேறொன்று. மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை, மூன்றுமே எச்சரிக்கை. இங்கிலீஷில் மஞ்சளுக்கு ‘வாட்ச்’, ஆரஞ்சுக்கு ‘அலர்ட்’, சிவப்புக்கு ‘வார்னிங்’ என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. வாட்ச் என்றால் சேதியைக் கவனித்துக்கொண்டே இரு. அலர்ட் என்றால் தயாராகு, படகை மேலே ஏற்று, வலையை அள்ளி வை. வார்னிங் என்றால் இப்போதே செய்ய வேண்டியதைச் செய். மூன்றையும் ஒரே எச்சரிக்கையில் அடைத்ததால், மஞ்சளைக் கேட்டுக் கேட்டு ஒன்றும் நடக்காமல் பழகிப்போய், சிவப்பு வரும்போதும் ‘எப்பவும் சொல்றதுதானே’ என்று விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டில்கூட இந்தப் படி இருக்கிறது. ஒன்று, இரண்டு என்றால் தூரத்துக் கடலில் இருப்பது, மூன்று, நான்கு என்றால் இந்தத் துறைமுகத்துக்கே வருவது, அதற்கு மேல் ஏழு வரை ‘டேஞ்சர்’, எட்டிலிருந்து பத்து வரை ‘கிரேட் டேஞ்சர்’. எங்கள் ஆட்கள் எண்ணைச் சொல்லியே பேசுவார்கள், மூணாம் நம்பர் ஏத்தியாச்சு என்று. அதில் குழப்பம் வருவதே இல்லை.

‘லைக்லி’ என்று ஒன்று. ஊர் இங்கிலீஷில் லைக்லி என்றால் பெரும்பாலும் நடக்கும் என்று அர்த்தம் எடுப்போம். வானிலை மையத்தின் அட்டவணையில் ‘லைக்லி’ என்பது நூற்றுக்கு 25 முதல் 50 வரை வாய்ப்பு. ‘வெரி லைக்லி’ 50 முதல் 75. அதற்கு மேல் போனால்தான் ‘மோஸ்ட் லைக்லி’. தமிழில் எல்லாம் ‘வாய்ப்புள்ளது’, ‘பெய்யக்கூடும்’. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, முன்னால் ‘வெரி’ இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் நான் யாருக்கும் படித்துச் சொல்வதில்லை.

என் பாட்டி தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர். 1964 டிசம்பர் 22 இரவு அங்கே இருந்து உயிரோடு வந்தவர்களில் ஒருவர். அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால் ஒருபோதும் ‘அலை அடிச்சுச்சு’ என்று சொன்னதில்லை. “கடல் ஏறி வந்துச்சு” என்பார். அலை வந்தால் போகும், இது போகவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலே தண்ணிக்குள் போனது. பத்திரிகைகளில் இன்றைக்கும் ராட்சத அலை என்றுதான் எழுதுகிறார்கள். இங்கிலீஷில் ‘வேவ்’ வேறு, ‘சர்ஜ்’ வேறு. காற்றும் புயலின் தாழ்ந்த அழுத்தமும் சேர்ந்து கடல்மட்டத்தையே தூக்கிக் கரைக்குள் தள்ளுவது சர்ஜ், அலை அதன் மேல் தனியாக அடிக்கும். இது ‘டைட்’ ஆகாது, நாள்தோறும் வரும் ஏற்றவற்றம் நிலவின் கணக்கு. ‘ஸ்வெல்’லும் ஆகாது, அது எங்கோ தூரத்தில் அடித்த காற்று கிளப்பி, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து சேரும் நீள அலை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இந்த நாலையும் நாலு விதமாகச் சொல்வார். இங்கிலீஷ் படித்தவர்கள் எல்லாவற்றையும் ‘பிக் வேவ்ஸ்’ என்று எழுதுகிறோம்.

கொஞ்சம் வழிவிலகி ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம் இது. ‘கல்ஃப்’, ‘பே’, ‘ஸ்ட்ரெய்ட்’ மூன்றும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பாம்பன் பாலத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, விரிகுடாவுக்கும் வடகிழக்கே போனால் பாக் நீரிணை. விரிந்து கிடப்பது பே, வளைந்து உள்ளே வருவது கல்ஃப், இரண்டு கடலை இணைப்பது ஸ்ட்ரெய்ட், தமிழ்ப்பேரிலேயே படம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள், பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. ‘சீவீட்’, ‘சீகிராஸ்’ இரண்டும் அப்படித்தான், தீவுப் பக்கம் போய் எங்கள் பெண்கள் எடுக்கிற பாசிக்கு வேர் கிடையாது, ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற கடற்புல்லுக்கு வேரும் உண்டு, பூவும் உண்டு. பரீட்சையில் கடல்பசு சீவீட் தின்னும் என்று எழுதினால் நான் மார்க் போட மாட்டேன்.

இனி சொல்வது கஷ்டமான பகுதி.

விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பே நாலு பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், ராத்திரி இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டிருக்கிறது. “எல்லை தாண்டிட்டாங்கன்னு பிடிச்சுட்டுப் போய்ட்டாங்களாம் அக்கா.” கலெக்டருக்கு, மீன்வளத் துறைக்கு, தூதரகத்துக்கு என்று மூன்று மனு. அந்த ‘தாண்டிட்டாங்க’ என்ற ஒரு சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன போடுவது? இன்ஜின் நின்று நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால் ‘டிரிஃப்டட்’. இருட்டில் திசை தெரியாமல் தன் ஓட்டத்திலேயே போயிருந்தால் ‘ஸ்ட்ரேடு’. நடந்ததை மட்டும் சொல்வது ‘கிராஸ்டு’. உரிமை இல்லாத இடத்தில் நுழைந்தது என்பது ‘டிரெஸ்பாஸ்’. திருடத்தான் போனார்கள் என்பது ‘போச்சிங்’. ஐந்துக்கும் தமிழில் எல்லை தாண்டியது என்றே எழுதிவிடலாம், மனுவில் ஒவ்வொன்றும் வேறு வழக்கு. நம் பத்திரிகைத் தமிழில் ஒரு நல்ல வழக்கம் உண்டு, ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி’ என்று போடுவார்கள், அந்த ‘தாக’ என்ற சின்ன ஒட்டு, இது பிடித்தவர் சொல்வது, நாங்கள் சொல்வதில்லை என்று காட்டிவிடும். அதே சேதியை இங்கிலீஷில் எழுதும்போது அந்த ஒட்டை விட்டுவிட்டு ‘அரெஸ்டட் ஃபார் போச்சிங்’ என்று நாமே எழுதினால், குற்றத்தை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஆனால் ஒன்றில் நான் உறுதியாக இருக்கிறேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த படகுக்கு ‘டிரிஃப்டட்’ என்று எழுத மாட்டேன். அப்படி எழுதச் சொல்லி என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. ‘கிராஸ்டு’ என்று எழுதுவேன், அது உண்மை, அதில் பழியும் இல்லை. அக்கரையிலும் தமிழ் பேசுகிறவர்கள்தான் வலை போடுகிறார்கள். நம் இழுவைப் படகு போன தடத்தில் அவர்கள் வலை எத்தனை போயிருக்கிறது, இழுவைமடியை அவர்கள் நாடு 2017-இல் தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் எழுதுகிற மனுவில் அந்த வலைகள் அறுந்தன என்று இருக்காது, அறுத்தார்கள் என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லை நான் எப்படி மறுப்பேன்?

இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஒப்பந்தத்தைப் படித்தாலும் இதே கதைதான். கச்சத்தீவைப் பற்றிய ஐந்தாம் பிரிவில் நம் மீனவர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் தீவுக்குப் போய்வர ‘அக்ஸஸ்’ உண்டு என்கிறது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களுக்கும் வழிவழியாக இருந்துவந்த ‘ரைட்ஸ்’ பற்றிப் பேசுகிறது. அக்ஸஸ் என்றால் போக வர வழி, ரைட் என்றால் உரிமை. போய் வலை காயப்போட்டு இளைப்பாற மட்டுமா, சுற்றி மீன்பிடிக்கவும் சேர்த்தா என்று ஐம்பது வருஷமாக நடக்கிற வாதம் இந்தச் சொற்களைச் சுற்றித்தான். எங்கள் ஊர் டீக்கடையில் இதைப் பேசாத நாள் இல்லை, தமிழில் இரண்டையும் உரிமை என்றே சொல்லிப் பேசுகிறோம்.

பிடிபட்ட பிறகும் சொற்கள் விடுவதில்லை. படகு பறிமுதல் என்று செய்தி வரும். ‘சீஸ்’ செய்திருந்தால் இப்போதைக்குக் கைப்பற்றி வைத்திருக்கிறார்கள், வழக்கு முடிந்து திரும்ப வரலாம். ‘கான்ஃபிஸ்கேட்’ என்றால் அது இனி அவர்கள் அரசாங்கத்தின் சொத்து. கடன் வாங்கிக் கட்டிய படகுக்கு வட்டி கட்டுகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகுமா? அடுத்தது விடுதலை. மன்னாரிலோ ஊர்காவற்துறையிலோ நீதிமன்றத்தில் விடுதலை என்று செய்தி வந்ததும் இங்கே கோயிலில் மணி அடிக்கும். ஆனால் பல நேரம் அது குற்றமற்றவர் என்று சொல்லி விடுகிற ‘அக்விட்டல்’ இல்லை. தண்டனையைச் சொல்லி, அதை நிறுத்திவைத்து விடுவது, ‘சஸ்பெண்டட் சென்டன்ஸ்’. மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்து வரும். இது புரியாமல் திரும்பவும் போய்ச் சிறையில் உட்கார்ந்த ஒரு பையனின் அம்மா என் கடையில் வந்து, “விடுதலைன்னுதானேம்மா பேப்பர்ல போட்டான்” என்று கேட்டார். அதற்கப்புறம், விடுதலையாகி வருகிற ஒவ்வொருத்தரிடமும் தாளை வாங்கிப் படித்துச் சொல்லாமல் விடுவதில்லை, அவர்கள் கேட்காவிட்டாலும்.

போன ஐப்பசியில் ஒரு பெண் வந்தார். புருஷன் வல்லத்தில் தனியாகப் போனவர், எட்டு நாளாகத் திரும்பவில்லை. தேடச் சொல்லி ஒரு மனு வேண்டும். கூட வந்த சொந்தக்காரர் ஒருவர் விவரம் தெரிந்தவர் மாதிரி, “லாஸ்ட் அட் சீன்னு போடும்மா, அப்பத்தான் நிவாரணம் சீக்கிரம் வரும்” என்றார். அந்தச் சொல்லை எங்கே எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், திரும்பி வராதவர்களின் கல்லில் எழுதுவார்கள். ‘மிஸ்ஸிங்’ என்றால் இன்னும் தேடுகிறோம் என்று அர்த்தம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் ஏழு வருஷக் கணக்கு ஒன்று இருக்கிறது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அங்கே சட்டம் போட்டிருப்பது ‘ஹேர்ட் ஆஃப்’, ‘ஹேர்ட் ஃப்ரம்’ இல்லை. அவரிடமிருந்து சேதி வருவது ஃப்ரம். அவரைப் பற்றி யாராவது சேதி சொன்னாலும் அது ஆஃப். எங்கோ ஒரு துறையில் பார்த்ததாக ஒருவர் சொன்னாலும் போதும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அண்ணன் போன் ஏதாவது…” என்று இழுத்தேன். “அவர்ட்டேந்து ஒரு சேதியும் இல்லக்கா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா தொண்டிப் பக்கம் வலை இழுத்தவங்க ஒரு நீலக் கேன் மிதந்ததா சொன்னாங்க. எங்க கேனும் நீலம்தான். அதையும் எழுதுங்க” என்றார்.

எழுதினேன். நீலக் கேன், எந்த நாள், எந்தப் பக்கம், சொன்னவர் யார், எல்லாம். மேலே ‘மிஸ்ஸிங்’ என்று அடித்தேன். சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை. பிரின்ட் எடுத்துக் கொடுத்ததும் அந்தப் பெண் தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. “இன்னும் தேடுறோம்னு இதுல எங்கக்கா இருக்கு?” என்று கேட்டார். அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.